ஹெட்போனுக்குள் நான்கு தட்டு

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் என் அக்காவைக் கேட்கலாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதில்லை, கனவும் இல்லை. அன்று நான் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடித்திருக்கவில்லை.

பேய் என்றால் நடுராத்திரி வேண்டும் என்பார்கள். எனக்கு வந்தது சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த நேரம். அதனால் இன்றைக்கும் நடுராத்திரியைக் கண்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆறரை ஆனால்தான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன்.

நான் செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறேன். டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதற்குள் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவது என் வேலை. நண்பர்கள் ‘பல்லு’ என்று கூப்பிடுவார்கள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் வாய்க்குள்ளேயே குடியிருக்கிற எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் பேஸ் கிட்டார். நான்கே கம்பி, தடித்த குரல். கச்சேரியில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் எதுவோ குறைகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். என் குணத்துக்குப் பொருத்தமான வாத்தியம்.

அதில் ஒரு தொல்லை. ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாமல் வாசித்தால் கொசு முனகுவது போலத்தான் கேட்கும். என்ன வாசிக்கிறோம் என்று நமக்கே தெரியாது. எங்கள் குழுவின் டிரம்மர் கூரியர் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், பொறுமைக்கும் அவனுக்கும் ரொம்ப தூரம். ஒருநாள் குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

"மச்சான், வீட்ல பிராக்டிஸ் பண்றியா இல்லையா? ஒரு ஆம்ப் வாங்கித் தொலைடா. பழசாவது வாங்கு."

பழசுதான் வாங்க முடியும். சம்பளத்தில் பாதி அப்பாவின் மருந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று முப்பது வருஷம் எழுதியவர். எதற்கும் மணி பார்த்துக் குறித்து வைக்கிற வியாதி எனக்கு அவரிடமிருந்து தொற்றியது. போன வருஷம் பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கை மட்டும் மிச்சம்.

அந்தக் கைக்கு அக்கா ஒரு ஸ்டீல் கரண்டியைக் கொடுத்து, இரும்புக் கட்டிலின் கம்பியில் தட்டச் சொல்லியிருந்தாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். மூன்று என்றால் புரட்டிப் படுக்க வை. நிறுத்தாமல் தட்டினால் ஓடி வா. அவ்வளவுதான் எங்கள் வீட்டு அகராதி. நான்கு என்று ஒன்று அதில் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். சாயங்காலம் ஐந்தரைக்கு நான் வந்ததும் அவள் கிளம்புவாள், ஒன்பதரைக்குத் திரும்புவாள். நடுவில் அப்பாவும் நானும் மட்டும். கொஞ்சம் சத்தம் வந்தாலும் அப்பாவுக்கு உடம்பு தூக்கிவாரிப் போடும். ஆகவே ஹெட்போனில்தான் வாசிக்க வேண்டும். அதற்கும் அக்கா ஒரு சட்டம் போட்டாள்.

"ஒரு காது உனக்கு, ஒரு காது அப்பாவுக்கு. ரெண்டையும் மூடின, கிட்டார அடுப்புல வச்சிடுவேன்."

"சரிக்கா."

"சரிக்கா இல்ல. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

இரண்டு வாரம் போனில் விளம்பரங்களை மேய்ந்தேன். எல்லாம் என் கைக்கு எட்டாத விலை. ஒரு வெள்ளிக்கிழமை இது கண்ணில் பட்டது. ‘சின்ன பேஸ் ஆம்ப். பழசு. ஸ்பீக்கர் நல்லா இருக்கு. ஹெட்போன் வேலை செய்யாது.’ விலை மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு. டிரம்மரிடம் கேட்டேன். "ஹெட்போன் துளைதானே மச்சான், சின்ன வேலை, மாத்திக்கலாம். ஓடு" என்றான். ஓடினேன்.

விற்றவர் சாவி செய்கிறவர். ஒரு குறுகிய தெருவில் ஆளுயரத்துக்கு ஒரு கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கின. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஐம்பது வயது இருக்கும். இடது சுண்டு விரலில் ஒரு பெண்கள் மோதிரம். அது முழுதாக உள்ளே போகாமல் நடுக் கணுவில் நின்றிருந்தது.

பழைய ஆம்ப் வாங்கும்போது செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். என் சொந்தக் கிட்டாரையும் ஒயரையும் கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு குமிழையும் கடைசி வரை திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் வாசிக்காமல் ஒலியைக் கூட்டி இரைச்சலைக் கேட்டேன். பின்பக்கம் முகர்ந்துகூடப் பார்த்தேன், கருகின வாசனை இருக்கிறதா என்று. சுத்தமாக இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். தொழிலே அதுதானே.

"ஹெட்போன் துளைய மட்டும் மாத்திக்கிறேன்" என்றேன்.

"மாத்தாதீங்க."

"ஏங்க?"

"ஸ்பீக்கர்லயே வாசிங்க தம்பி. வெளிய கேக்கட்டும்."

இசைக்காரர்கள் இப்படி எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். பணத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டே கேட்டார்.

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

"அக்கா, அப்பா. அப்பா படுத்த படுக்கைங்க. அதான் ஹெட்போன்..."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு பணத்தைத் திருப்பி என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்தார்.

"வேணாம் தம்பி. வேற பாத்துக்கங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேறு எவனோ கூடுதல் விலைக்குக் கேட்டுவிட்டான், மனுஷன் பல்டி அடிக்கிறார் என்று நினைத்தேன். பணத்தை மேஜை மேல் அடித்து வைத்தேன். ஆம்பைத் தூக்கினேன். அவர் எழுந்து வாசல் வரை வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றுவிட்டார். நானும் நிற்கவில்லை. மலிவாகக் கிடைத்த பொருள் கையை விட்டுப் போய்விடும் என்கிற பயத்தில் மனுஷனுக்கு எதுவும் காதில் ஏறாது.

அன்று சாயங்காலம் அக்கா கிளம்பியதும் சும்மா ஹெட்போனைச் சொருகிப் பார்த்தேன்.

வேலை செய்தது.

ஸ்பீக்கர் அடங்கி, காதுக்குள் கம்பி கும்மென்று முழங்கியது. இவ்வளவு தெளிவாக என் வாசிப்பை நான் கேட்டதே கிடையாது. சாவிக்காரர் பாவம், தன்னுடைய பொருளையே தெரியாமல் ஏமாந்துவிட்டார் என்று சிரித்தேன். ‘ஹெட்போன் நல்லா இருக்கு. கொள்ளை மலிவு’ என்று டிரம்மருக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பிய நேரம் இன்னும் போனில் இருக்கிறது. 6:22.

இடது காதை அப்பாவுக்காக வெளியே விட்டுவிட்டு, வலது காதில் மட்டும் வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

டொக். டொக். டொக். டொக்.

கையை நிறுத்தினேன். அப்பா தட்டுகிறார் என்று எழுந்து போனேன். அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கரண்டி மார்பின் மேல் இருந்தது. அவர் அறைச் சுவர்க் கடிகாரத்தில் மணி 6:40.

மேல் வீட்டில் ஆணி அடித்திருப்பார்கள் என்று திரும்பி வந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது. சத்தம் வலது காதில் கேட்டது. வெளியே விட்டிருந்த இடது காதில் கேட்கவேயில்லை.

சனிக்கிழமை ஒன்றும் இல்லை. அன்று அக்காவுக்கு லீவு, நான் குழுவோடு வெளியே வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி. நான்கு தட்டு. எழுந்து ஓடினேன். அப்பா விழித்திருந்தார். "தட்டினீங்களா?" என்றேன். தலையை இல்லை என்று ஆட்டினார். மணி 6:40.

திங்கள், 6:40. செவ்வாய், 6:40.

புதன்கிழமை எனக்குக் கோபம் வந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் முதலில் கோபம்தான் வரும், அது என் சுபாவம். பழைய சாமான், ஒயரில் ஏதோ கோளாறு, பக்கத்து வீட்டு மோட்டார் அந்த நேரத்துக்கு ஓடுகிறது என்று நானாகக் காரணம் கட்டினேன். 6:38க்குக் கிட்டார் ஒயரைப் பிடுங்கினேன். ஒலிக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தேன். ஹெட்போனை மட்டும் காதில் வைத்துக் காத்திருந்தேன்.

டொக். டொக். டொக். டொக்.

மரத்தைத் தட்டும் சத்தமில்லை. சுவரைத் தட்டும் சத்தம். ஒவ்வொரு தட்டோடும் மெல்லிய ‘டிங்’ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் போட்ட எதுவோ சுவரில் படுவது போல...

அக்காவிடம் சொன்னேன்.

"காதுல அழுக்கு இருக்கும். சொட்டு மருந்து கொண்டுவரேன்" என்றாள்.

உண்மையாகவே கொண்டுவந்தாள். இரண்டு நாள் விட்டேன். வியாழன், வெள்ளி... தட்டு நிற்கவில்லை. இன்னும் தெளிவாகக் கேட்டது.

அதற்கடுத்த வார ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி இருந்தது. வாரம் முழுக்கச் சொதப்பினேன். ஆறரை ஆனதும் விரல் விறைத்துக்கொள்ளும். காது பாட்டை விட்டுவிட்டுத் தட்டுக்காகக் காத்திருக்கும். டிரம்மர் நேராகவே சொல்லிவிட்டான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பாட்டு வரலேன்னா வேற ஆள் பாக்கறேன் மச்சான். கோச்சுக்காத."

அந்த வெள்ளிக்கிழமை. மழை பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கெல்லாம் அறை இருட்டிவிட்டது. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினேன், வாயைத் துடைத்தேன், கரண்டியைக் கையில் வைத்தேன். "வாசிக்கப் போறேன்ப்பா" என்றேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டை ஒரு தரம் அழுத்தினார். அவருக்கு நான் வாசிப்பது பிடிக்கும். சத்தம்தான் உடம்புக்கு ஆகாது.

6:15க்கு உட்கார்ந்தேன். ஒரு கடினமான இடம், கம்பிக்குக் கம்பி தாவ வேண்டியது, ஒற்றைக் காதில் பிடிபடவேயில்லை. பத்துத் தடவை விட்டுவிட்டேன். பதினோராவது தடவை...

இரண்டு காதையும் மூடிக்கொண்டேன்.

அஞ்சே நிமிஷம் என்று நினைத்தேன். கதவு திறந்துதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. அக்காவிடம் செய்த சத்தியம் என் ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் மூடினேன்.

வந்துவிட்டது பாட்டு. அந்த இடம் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

டொக். டொக். டொக். டொக்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. இன்றைக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

டொக். டொக். டொக். டொக்.

இதுவரை ஒரு தரம்தான் கேட்கும். இரண்டாவது தரம் கேட்டதே இல்லை. ஒலியைக் கூட்டினேன். தட்டும் கூடியது.

டொக் டொக் டொக் டொக். டொக் டொக் டொக் டொக்.

சுவரை உடைக்கிற வேகம். நடுவில் மூச்சு. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு தட்டுகிறார்கள்.

"நிறுத்து!" என்று கத்தினேன். காலால் எட்டி சுவிட்ச் பலகையிலிருந்து பிளக்கை உதைத்துப் பிடுங்கினேன்.

ஆம்பின் சிவப்பு விளக்கு அணைந்தது.

கிட்டார் ஊமையானது.

தட்டு நிற்கவில்லை.

டொக் டொக் டொக் டொக்...

என் கை இரண்டும் கிட்டாரின் மேல் இருந்தன. இதைத் தெளிவாகச் சொல்கிறேன். இரண்டு கையும் கிட்டாரின் மேல்.

ஹெட்போன்...

இடது காதை விட்டு...

மெல்லத் தூக்கப்பட்டது.

காதோரம் ஜில்லென்றது. விரலின் ஜில்லிப்பு. அதோடு ஒரு சின்ன உலோகம், கன்னத்தில் உரசியது.

"போ."

ஒரே சொல். பெண் குரல்.

ஓடினேன்.

அப்பா கட்டிலில் இல்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குப்புற விழுந்து கிடந்தார். முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது. காது நீலம் பாரித்திருந்தது.  கட்டிலை ஒரே இழுப்பாக இழுத்தேன். அவரைப் புரட்டினேன். வாயிலிருந்து கஞ்சியை விரல் விட்டுத் தோண்டினேன். முதுகில் அடித்தேன். "அப்பா, அப்பா, அப்பா" என்று கத்தினேன். எத்தனை அடி என்று தெரியாது... ஒரு பெரிய இழுப்பாக மூச்சு உள்ளே போனது. சுவர்க் கடிகாரத்தில் மணி 6:43.

ஆம்புலன்ஸ் வந்தது, அக்கா கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நல்லவேளை, அவர் தட்டினது உனக்குக் கேட்டுச்சு" என்றாள்.



கட்டிலை இழுக்கும்போதே நான் கரண்டியைப் பார்த்திருந்தேன். அது அறையின் எதிர்ப் பக்கம், அலமாரிக்கு அடியில் கிடந்தது. கையிலிருந்து சுவர் இடுக்கில் நழுவி, கட்டிலுக்கு அடியில் உருண்டு அங்கே போயிருக்கிறது. அதை எடுக்கத்தான் அவர் சாய்ந்திருக்க வேண்டும். அப்பா அன்று ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். அன்று இரவு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு காதையும் மூடியது உட்பட. அவள் எழுந்து போய் அப்பாவின் போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தாள். கிட்டாரை அடுப்பில் வைக்கவில்லை. "அத எடுத்துட்டுப் போய் அவர்கிட்டயே கொடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் லீவு போட்டு அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, கிட்டாரை முதுகில் மாட்டி, ஹெட்போனையும் எடுத்து, ஆம்பை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். சாவிக்கடைக்குப் போய்ச் சேரும்போது ஆறு பத்து. அவர் என்னைப் பார்த்தார், ஆம்பைப் பார்த்தார். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"உள்ள வாங்க."

பின்னால் ஒரே ஒரு கூடம். ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு கடிகாரம். பக்கவாட்டில் ஒரு கதவு, அதில் பெரிய பூட்டு. பூட்டின் மேல் தூசி படிந்திருந்தது.

"ஹெட்போன் வேலை செய்யாதுன்னு சொன்னீங்க. செய்யுது" என்றேன்.

"செய்யாது தம்பி."

"நான் ரெண்டு வாரம் அதுலதான் வாசிச்சேன்."

அவர் திருப்புளியை எடுத்து ஆம்பின் முதுகைத் திறந்தார். ஆறு திருகு. பலகையை நகர்த்தி, டார்ச் அடித்துக் காட்டினார்.

ஹெட்போன் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை. அதற்கு வர வேண்டிய ஒயர்களை வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் காய்ந்து உரிந்து கிடந்தது. தூசி கலையவே இல்லை.

"நாலு வருஷம் முன்னாடி என் கையாலதான் வெட்டினேன். அதுல எதச் சொருகினாலும் ஸ்பீக்கர் நிக்காது. சத்தம் வெளியதான் வரும்."

சொருகிக் காட்டினார். என் கிட்டாரை ஒரு தட்டுத் தட்டினார். ஸ்பீக்கர் அறை அதிர முழங்கியது.

 தரையிலேயே உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். சரியாக ஒரு நேரத்துக்கு யாரோ சுவரைத் தட்டியது, ஒரு குரல் என்னைப் போகச் சொன்னது, அப்பா பிழைத்தது.  முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தன தட்டு?"

"நாலு."

அவர் சுண்டு விரல் மோதிரத்தைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

"என் வீட்டுக்காரிக்கு முதுகுல ஆபரேஷன். எழுந்திரிக்க முடியாது. அந்த ரூம்லதான் படுத்திருந்தா. கூப்பிடணும்னா மோதிரத்தால சுவத்துல தட்டுவா. ‘உங்க கிட்டாருக்கு நாலு கம்பி, அதனால நாலு தட்டு’ன்னு அவளே வச்சிக்கிட்டா. சிரிப்பா. தூங்கறவள எழுப்ப வேணாம்னு நான் ஹெட்போன்ல வாசிப்பேன். ரெண்டு காதுலயும்."

பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"மாடி வீட்டுல தையல்காரம்மா இருந்தாங்க. ஆறு நாப்பதுலருந்து சத்தம் கேட்டுச்சாம். நான் ஆணி அடிக்கிறேன்னு நினச்சிருக்காங்க. நான் ஹெட்போன கழட்டும்போது ஏழு பத்து. அரை மணி நேரம் தட்டியிருக்கா தம்பி. சுவர் பேந்து கிடந்துச்சு."

"அன்னிக்கு நீங்க வாசல் வரைக்கும் வந்தீங்களே, சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னன்னு சொல்லுவேன்? எனக்கே அவ இருக்காளான்னு தெரியாது. ஒயர வெட்டின பிறகும் நாலு வருஷமா தினம் ஹெட்போன போட்டுப் பாத்தேன். எனக்கு ஒரு தடவகூடக் கேக்கல. சரி, அவ போய்ட்டான்னுதான் வித்தேன்."

கடிகாரத்தைப் பார்த்தார். 6:37.

"ஒரே ஒரு தடவ. நீங்களும் இருங்க."

நாற்காலியில் உட்கார்ந்தார். ஒயரில்லாத அந்த ஓட்டையில் ஹெட்போனைச் சொருகினார். இரண்டு காதிலும் மாட்டி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடினார்.  பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல இருந்தார்.

நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். உள்ளங்கை சுவரில் இருந்தது.

6:39.

தெருவில் ஒரு சைக்கிள் மணி.

6:40.

டொக். டொக். டொக். டொக்.

ஆம்பில் இல்லை.

என் உள்ளங்கைக்கு அடியில். சுவரில். அந்தப் பக்கத்திலிருந்து.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினார்.

"இல்ல தம்பி... ஒண்ணும் கேக்கல."

டொக். டொக். டொக். டொக்.

சுண்ணாம்பு உதிர்ந்து என் புறங்கையில் விழுந்தது. நான் பாய்ந்து போய் அவர் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினேன்.

அந்த நொடியே தட்டு நின்றது.

"என்ன தம்பி? உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஓர் ஏக்கத்தை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"அந்த ரூம்ல இப்ப யாரு இருக்கா?" என்றேன்.

"யாரும் இல்ல. அவள எடுத்துட்டுப் போன அன்னிக்குப் பூட்டினது. சாவியத் தூக்கிப் போட்டுட்டேன். ஊருக்கெல்லாம் சாவி செய்றேன், அதுக்கு மட்டும் செய்ய மனசு வரல. ஏன் தம்பி?"

"சும்மாதான் கேட்டேன்."

"கேட்டுச்சா, இல்லையா?"

"இல்லீங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர் தலையசைத்தார். ஹெட்போனை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தேன். ஷட்டருக்கு அடியில் குனிந்தபோது முதுகுக்குப் பின்னால் தொடங்கியது. நான்கு. நான்கு. நான்கு. சுவரில் தொங்கிய சாவிகள் ஒவ்வொரு தட்டுக்கும் மெல்ல ஆடின. உள்ளே அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று வீடு வரை ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டுதான் ஸ்கூட்டர் ஓட்டினேன். காதை மூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.